வடக்கு அண்மை, கிழக்குச் சேய்மை
யாழ்ப்பாணத்தில் மத்திய அலைகளின் இராப்பயணம்

வானொலி அலைகளுள் 300 கிலோஹேட்ஸ் தொடக்கம் 3000 கிலோஹேட்ஸ் வரையுள்ள மீடிறன்களைக் கொண்டவை மத்திய அலைகள் எனப்படும். பகலில் இவை சில நூறு கிலோமீற்றர் சென்று ஓய்ந்துவிடும். இரவிலோ ஆயிரக்கணக்கான கிலோமீற்றர் கடத்தலும் உண்டு. இவ்வளவும் பலரும் அறிந்ததே. ஆனால் யாழ்ப்பாணக் குடாநாட்டில் இதற்குமேல் ஒரு புதுமை உண்டு. ஒரே தூரத்தில், ஒரே வலுவுடன் இயங்கும் இரு நிலையங்களுள் வடக்கே உள்ளது தெளிவாகக் கேட்கும். கிழக்கே உள்ளது கேளாதொழியக்கூடும். இதற்குக் காரணம் தூரமன்று, திசையே. அத்திசை வேறுபாடு எவ்வாறு எழுகின்றது என்பதை ஆராய்வோம்.

மத்திய அலை நெடுந்தூரம் செல்லும் என்பதை உலகுக்குக் காட்டியவர்களுள் அமெச்சூர் வானொலியாளர் முதன்மையானவர். 1912ஆம் ஆண்டின் அமெரிக்கச் சட்டம் அவர்களை 200 மீற்றருக்கு மேற்படாத அலைநீளங்களுள் ஒதுக்கியது. அவை பயனற்றவை என்பதே அக்காலத்தார் கருத்து. ஆயினும் 1921 திசெம்பரில், கொனற்றிக்கற் மாநிலத்துக் கிறீனிச்சில் அமெச்சூர்கள் அமைத்த நிலையம் ஒன்று ஏறத்தாழ 230 மீற்றர் அலைநீளத்தில் விடுத்த செய்தியை, ஸ்கொத்லாந்தின் ஆர்ட்றோசன் கடற்கரையில் போல் கொட்லி என்பார் தெளிவாகக் கேட்டார். இடையே கிடந்தது அத்திலாந்திக் சமுத்திரம். தூரம் ஏறத்தாழ 5000 கிலோமீற்றர்.

இவ்வலைகள் புவியின் வளைவைத் தாண்டிச் செல்வது எங்ஙனம்? வளிமண்டலத்தின் மேற்பகுதியில் மின்னேற்றங் கொண்ட படை ஒன்று இருத்தல் வேண்டும் எனக் கெனலியும் ஹெவிசைட்டும் 1902இல் கூறினர். 1924இல் அப்பிள்ற்றனும் பாணெற்றும் போண்மது நகரின் ஒலிபரப்பு நிலையம் விடுத்த மத்திய அலையையே கருவியாகக் கொண்டு, ஒக்ஸ்போட்டில் அதனை ஏற்று, அப்படையின் இருப்பையும் உயரத்தையும் நிறுவினர். இதுவே அயனமண்டல ஆராய்ச்சியின் தொடக்கம். அத்துறையில் ஆற்றிய பணிக்காக அப்பிள்ற்றனுக்கு 1947இல் நோபெல் பரிசு கிடைத்தது.

அயனமண்டலத்தின் அடித்தளத்தில், 60 முதல் 90 கிலோமீற்றர் வரையுள்ள உயரத்தில், பகற்காலத்தில் மாத்திரம் ஒரு படை தோன்றும். அங்கே வளி ஓரளவு செறிவுடையதாதலால், அலையினால் அசைக்கப்படும் இலத்திரன்கள் வளித்துணிக்கைகளோடு மோதித் தாம் பெற்ற சத்தியை இழக்கின்றன. மத்திய அலை அங்கேயே உறிஞ்சப்படுகின்றது. ஞாயிறு மறைந்ததும் அப்படை விரைவில் அழியும். அப்போது அலை மேலே சென்று, 100 கிலோமீற்றர் உயரத்திலும் அதற்கு அப்பாலும் உள்ள படைகளில் தெறித்துப் புவிக்கு மீளும். ஒரு தெறிப்பிலேயே 2000 கிலோமீற்றர் வரை செல்லல் கூடும்.

பகலில் யாழ்ப்பாணத்தாருக்குத் துணையாய் நின்றது கடல். நிலத்தைத் தழுவிச் செல்லும் அலை வரண்ட தரையில் விரைவில் நலியும். உப்புநீரோ மின்னை நன்கு கடத்துவதாகலின் அதன்மேல் அலை குறைந்த இழப்புடன் செல்லும். காங்கேசன்துறையிலிருந்து கோடிக்கரை ஏறத்தாழ 55 கிலோமீற்றரே. 1939 மே 16ஆம் நாள் தொடங்கிய திருச்சிராப்பள்ளி வானொலி குடாநாட்டு வீடுகளிற் பட்டப்பகலிலும் உள்ளூர் நிலையம்போல் ஒலித்தமைக்குப் பாக்கு நீரிணையின் உப்புநீரும் ஒரு காரணமாகும்.

இரவின் புதுமைக்குக் காரணம் காந்தம். புவியின் காந்தப்புலம் எவ்விடத்தில் கிடையாக அமைகின்றதோ அவ்விடங்களை இணைக்கும் கோடு காந்த மத்தியகோடு ஆகும். அது தென்னிந்தியாவின் முனையையும் இலங்கையையும் ஊடறுத்துச் செல்கின்றது. திருவனந்தபுரத்தை அடுத்த தும்பாவிலிருந்து 1963 நவம்பர் 21ஆம் நாள் இந்தியா தன் முதலாவது ஆராய்ச்சி ஏவுகணையைச் செலுத்தியமைக்கு, அவ்விடம் காந்த மத்தியகோட்டுக்கு அண்மையில் இருந்ததே காரணம். யாழ்ப்பாணத்திலும் காந்த ஊசியின் சாய்வு மிகச் சில பாகையே. அஃதாவது, இங்கே காந்தக் கோடுகள் தரைக்குச் சமாந்தரமாக, வடக்குத் தெற்காகக் கிடக்கின்றன.

காந்தப்புலத்திலுள்ள இலத்திரன் அப்புலத்தைச் சுற்றிச் சுழலும் இயல்பினது. நம் பகுதியில் அச்சுழற்சி செக்கனுக்கு ஏறத்தாழ 11 இலட்சம் தடவை. அஃதாவது 1100 கிலோஹேட்ஸ். இஃது மத்திய அலை ஒலிபரப்பு வரிசையின் நடுவிலேயே விழுகின்றது. ஊஞ்சல் ஆடும் காலத்துக்கு ஒத்துத் தள்ளினால் சிறு விசையும் அதனை ஓங்கி ஆட்டுமன்றோ? அங்ஙனமே, காந்தக் கோட்டுக்குச் செங்குத்தான மின்புலத்தையுடைய அலை, சுழற்சியோடு ஒத்து இலத்திரனை மேன்மேலும் உந்தித் தன் சத்தியை எல்லாம் அதற்கே ஈந்து அழியும். மின்புலம் காந்தக் கோட்டின் வழியே அமையுமாயின் இலத்திரன் அக்கோட்டிலேயே முன்னும் பின்னும் அசையும். காந்தத்தின் தாக்கம் அங்கே இல்லை. அலை பிழைத்து மீளும்.

ஒலிபரப்பு நிலையங்களின் கோபுரங்கள் நிலைக்குத்தானவை. ஆகவே அவை விடுக்கும் அலையின் மின்புலமும் பெரிதும் நிலைக்குத்தானதே. அவ்வலை கிழக்கு நோக்கியோ மேற்கு நோக்கியோ சென்றால், அதன் மின்புலம் கிடையான காந்தக் கோட்டுக்குச் செங்குத்தாகின்றது. அலை முழுவதும் உறிஞ்சப்படும் வகையிற் சேர்கின்றது. வடக்கு நோக்கிச் சென்றாலோ, அலை காந்தக் கோட்டின் வழியே செல்வதாகலின் அதன் சத்தியிற் பாதியளவு பிழைத்துக்கொள்ளும்.

சர்வதேசத் தொலைத்தொடர்பு ஒன்றியம் இதற்கெனச் சூத்திரம் ஒன்றையே வகுத்துள்ளது. அதன்படி காந்த மத்தியகோட்டில், நேர் கிழக்கு மேற்குத் திசையில், ஒரு முனையில் மாத்திரம் நேரும் இழப்பு 28 தெசிபெல். வலு ஏறத்தாழ 600 மடங்கு குறைகின்றது. நேர் வடக்குத் தெற்குத் திசையில் அவ்விழப்புப் பெரும்பாலும் சூனியம். யாழ்ப்பாணத்திலிருந்து தில்லி ஏறத்தாழ 2100 கிலோமீற்றர் வடக்கே உள்ளது. பினாங்கு ஏறத்தாழ 2300 கிலோமீற்றர் கிழக்கே, சிறிது தெற்காக உள்ளது. தூரத்தில் பெரிய வேறுபாடு இல்லை. ஆயினும் அச்சூத்திரத்தாற் கணிக்குமிடத்து, பினாங்கு வழியில் இரு முனைகளிலும் சேர நேரும் இழப்பு ஏறத்தாழ 20 தெசிபெல் ஆகும். தில்லியின் 1 கிலோவாற்றுக்கு ஈடாகப் பினாங்கில் 100 கிலோவாற்று வேண்டும் என்பது இதன் பொருள்.

இக்கணக்கு யாழ்ப்பாணத்தாருக்கு வெறும் எண்ணன்று. பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதி தொடங்கி மலாயாவின் புகையிரதப் பகுதியிலும் அரசாங்க அலுவலகங்களிலும் கடமையாற்றச் சென்றோர் குடாநாட்டின் ஊர்கள்தோறும் இருந்தனர். அவர்தம் பெற்றோரும் மனைவியரும் இராக்காலத்தில் வானொலிப் பெட்டியின் முள்ளைத் திருப்புகையில் இந்திய நகரங்கள் எளிதில் அகப்பட்டன. பிள்ளைகள் வாழ்ந்த நாடு மத்திய அலையில் அரிதாயிற்று. தூரம் ஒன்றாயிருந்தும் உறவின் திசையில் இயற்கை ஒரு திரையை இட்டிருந்தது. சிற்றலைகளுக்கோ இத்திரை இல்லை. அவற்றின் மீடிறன் இலத்திரனின் சுழற்சியிலும் பன்மடங்கு உயர்ந்தது.

அமெச்சூர் வானொலியாளருக்கு இதிலே ஒரு பாடம் உண்டு. அவர்களின் 160 மீற்றர் வரிசை 1800 கிலோஹேட்ஸிலே தொடங்குகின்றது. அங்கும் இவ்விளைவு, சிறிது தணிந்ததேனும், செயற்படுகின்றது. உயர்ந்த நிலைக்குத்துக் கம்பமே நெடுந்தூரத்துக்கு ஏற்றது என மேனாட்டு நூல்கள் கூறும். அவ்விதி யாழ்ப்பாணத்திலிருந்து வடக்கே பேசுவோனுக்குப் பொருந்தும். கிழக்கே பேச விரும்புவோன் கிடைக் கம்பியை வடக்குத் தெற்காக இழுத்துக் கட்டுதலே நன்று. அப்போது அலையின் மின்புலம் காந்தக் கோட்டோடு ஒன்றுபடும். அரை அலைநீளக் கம்பி 80 மீற்றர் நீளமாகும். அதனை இயன்ற அளவு உயர்த்துதல் வேண்டும். காலமும் அறிதல் தகும். இடி மின்னலின் இரைச்சல் ஓய்ந்த தை, மாசி மாதத்து இரவுகளும், 2019இன் இறுதியில் வந்ததுபோன்று ஞாயிற்றின் கறைகள் அருகும் ஆண்டுகளும் இதற்கு உகந்தவை.

ஓரிடத்திற் கண்ட விதியை ஆராயாது மற்றோரிடத்துக்கு உரித்தாக்கல் ஆகாது. வட அத்திலாந்திக்கின் இரு கரைகளிலும் பெற்ற அனுபவத்தைக் கொண்டு எழுதப்பட்ட விதி, காந்த ஊசி தரையோடு கிடக்கும் நம் நாட்டிற் பாதியே உண்மையாகின்றது. மறுபாதியை இங்குள்ளோரே கேட்டும் அளந்தும் அறிதல் வேண்டும். அதற்கு வேண்டுவன ஒரு வானொலிப் பெட்டி, ஒரு நீண்ட கம்பி, திசையையும் நேரத்தையும் குறித்துவைக்கும் பொறுமை என்பனவே.