மாத்திரையின் மறுபக்கம் – 9: கரண்டைக்கால் வீக்கம்

பிரஷருக்குத் தரப்படும் அம்லோடிபைன் மாத்திரையில் பலருக்கும் வரும் தொந்தரவு கால் வீக்கம். காலையில் ஒன்றும் தெரியாது. சாயங்காலம் செருப்பைக் கழற்றினால் வார் பதிந்த தடம் அப்படியே நிற்கும். கரண்டைக்கு மேலே கட்டைவிரலால் அழுத்தி எடுத்தால் குழி விழுந்து, மெதுவாக நிரம்பும். கடையநல்லூர்ப் பக்கம் ‘காலில் நீர் வச்சிருக்கு’ என்பார்கள். தறிக்குழியில் காலைத் தொங்கவிட்டு நெய்பவர்களுக்கும், பொழுதன்றைக்கும் உட்கார்ந்து பீடி சுற்றும் பெண்களுக்கும் இது இன்னும் கூடும்.

‘நீர் வச்சிருக்கு’ என்றாலும் உடம்பில் நீர் மிஞ்சிவிடவில்லை. அம்லோடிபைன் சிறு தமனிகளைத் தளர்த்தி விரிக்கிறது. ரத்த அழுத்தம் இறங்குவது இதனால்தான். ஆனால் சிரைகள் அந்த அளவுக்கு விரிவதில்லை. உள்ளே வரும் வழி அகலமாகி, வெளியேறும் வழி பழையபடியே இருப்பதால் நுண்குழாய்களில் அழுத்தம் கூடி, நீர் திசுவுக்குள் கசிகிறது. சிறுநீர் அதிகம் போக வைக்கும் மாத்திரை இதற்குப் பெரிதாக உதவாதது அதனால்தான். ஆனாலும் வீக்கத்தைப் புது நோயாக எண்ணி அந்த மாத்திரையைச் சேர்ப்பது நடக்கிறது. ஒரு மாத்திரையின் தொல்லைக்கு இன்னொரு மாத்திரை, அதன் தொல்லைக்கு மூன்றாவது என்று சீட்டு நீளும்.

வீக்கம் அளவைப் பொறுத்தது. அமெரிக்க மருந்துக் குறிப்பேட்டின்படி 5 மில்லிகிராமில் 100-க்கு 3 பேருக்கும், 10 மில்லிகிராமில் ஏறக்குறைய 11 பேருக்கும் வருகிறது. ஆண்களைவிடப் பெண்களுக்கு அதிகம். அளவைக் குறைத்தாலோ, டெல்மிசார்டன், எனலாப்ரில் போன்ற ஒன்றைச் சேர்த்தாலோ பெரும்பாலும் வடியும். இவை சிரைகளையும் விரிக்கும். எனலாப்ரிலுக்கோ வேறு வம்பு: தொண்டையில் அரிப்போடு வறட்டு இருமல். இருமல் டானிக்குக்கு அது மசியாது; மாத்திரையை மாற்றினால் சில வாரங்களில் அடங்கும். உதடோ முகமோ திடீரென வீங்கினால் மட்டும் காத்திருக்கக் கூடாது, உடனே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். கர்ப்பிணிகளுக்கு எனலாப்ரில், டெல்மிசார்டன் இரண்டுமே ஆகாது.

கால் வீங்கியதும் ‘கிட்னி போச்சு’ என்று பயந்து, யாரையும் கேட்காமல் மாத்திரையை நிறுத்துபவர்கள் உண்டு. அம்லோடிபைன் ரத்தத்தில் பாதியாகக் குறையவே 30 முதல் 50 மணி நேரம் ஆகும். வீக்கம் வடியும், உடம்பு லேசானதுபோல இருக்கும். அடுத்த சில நாளில் பிரஷர் சத்தமில்லாமல் ஏறும். கிட்னியைக் கெடுப்பது அந்தப் பிரஷர்தான். அதற்காக எல்லா வீக்கத்தையும் மாத்திரைமேல் போட்டுவிடவும் முடியாது. ஒரு கால் மட்டும் வீங்கினாலும், மூச்சு வாங்கினாலும், முகம் உப்பினாலும் இதயம், சிறுநீரகம், ரத்தக்கட்டு என வேறு காரணம் பார்த்தாக வேண்டும்.

2021 ஆகஸ்டில் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ வந்தபின், பிரஷர் மாத்திரை பலருக்கு வீட்டு வாசலுக்கே வருகிறது. கொண்டுவருபவரிடம் காலையும் ஒருமுறை காட்டி, டாக்டரிடம் சொல்லச் சொல்லுங்கள். அதுவரை மாத்திரையை நிறுத்தாதீர்கள்.