கல்யாணப் பத்திரிகையில் வரும் களவு

வாட்ஸ்அப்பில் ஒரு கல்யாணப் பத்திரிகை வருகிறது. அனுப்பியவர் தெரிந்தவர்தான். 'குடும்பத்தோடு அவசியம் வந்துவிடுங்கள்' என்று ஒரு வரி வேறு. பத்திரிகை என்றால் படமாகவோ பி.டி.எஃப். ஆகவோ இருக்க வேண்டும். இந்தக் கோப்பின் பெயரோ 'ஏ.பி.கே.' என்று முடிகிறது. ஆண்ட்ராய்டு போனில் ஒரு செயலியை நிறுவுவதற்கான கோப்பு அது. 2024 இறுதியில் இமாச்சலப் பிரதேச போலீஸார் இந்த மோசடி பற்றி எச்சரித்தார்கள். அதே வித்தை போக்குவரத்து அபராதம், பி.எம். கிசான் உதவித்தொகை, வங்கி கே.ஒய்.சி. என்று வேஷம் மாற்றிக்கொண்டு நாடெங்கும் சுற்றுகிறது.

கோப்பைத் தொட்டதுமே போன் பறிபோய்விடாது. 'தெரியாத இடத்திலிருந்து வரும் செயலியை நிறுவலாமா?' என்று போன் கேட்கும். சரி என்றால், அடுத்து எஸ்.எம்.எஸ். படிக்க அனுமதி கேட்கும். சில செயலிகள் 'அக்ஸஸிபிலிட்டி' அனுமதியையும் கேட்கும். ஆபத்தே அங்குதான். பார்வைக் குறைபாடு உள்ளவர்களுக்காகத் திரையில் இருப்பதை வாசிக்கவும், அவர்கள் சார்பில் பொத்தானை அழுத்தவும் உருவான அருமையான வசதி அது. திருட்டுச் செயலியிடம் சிக்கினால் வங்கித் திரையையும் அதுவே வாசிக்கும், அதுவே அழுத்தும். செயலியின் சின்னம் பெரும்பாலும் திரையிலிருந்து மறைந்துவிடும். வங்கி அனுப்பும் ஓ.டி.பி. எங்கோ இருப்பவனுக்குப் போய்ச் சேரும். அதே வழியில் வாட்ஸ்அப் கணக்கையும் கைப்பற்றி, சொந்தக்காரர்கள் எல்லோருக்கும் பத்திரிகை வைத்துவிடுவான்.

பிளே ஸ்டோரில் மட்டும் செயலிகளை இறக்கினால் பெருமளவு தப்பலாம். ஆனால், அங்கும் கண்ணை மூடிக்கொண்டு நம்ப முடியாது. கேட்காமலேயே கட்டணச் சேவைகளில் சேர்த்துவிடும் 'ஜோக்கர்' வகைச் செயலிகள் 1,700-ஐ யாரும் இறக்குவதற்கு முன்பே நீக்கியதாக 2020 ஜனவரியில் கூகுள் சொன்னது. அதற்குப் பிறகும் சில உள்ளே நுழைந்தன. வெளிக் கடைகளின் நிலை இன்னும் மோசம். '9ஆப்ஸ்' என்ற கடை வழியாகப் பரவிய 'ஏஜென்ட் ஸ்மித்' என்ற தீய மென்பொருள் சுமார் 2.5 கோடி போன்களில் தொற்றியிருப்பதை 2019-இல் செக் பாயின்ட் என்ற இணையப் பாதுகாப்பு நிறுவனம் கண்டறிந்தது. அவற்றில் ஏறக்குறைய 1.5 கோடி இந்தியாவில் இருந்தவை.

போனில் இப்படி ஒரு செயலி நுழைந்துவிட்டதாகச் சந்தேகம் வந்தால் முதல் வேலை, ஏரோபிளேன் மோடைப் போட்டு வைஃபையையும் அணைப்பது. பிறகு 'சேஃப் மோடு'. பல மாடல்களில் பவர் பொத்தானை அழுத்தி, திரையில் வரும் 'பவர் ஆஃப்' மீது விரலை வைத்துப் பிடித்தால் அது வரும். நாம் நிறுவிய செயலிகள் அப்போது இயங்காது. செட்டிங்ஸில் 'டிவைஸ் அட்மின்', 'அக்ஸஸிபிலிட்டி' இரண்டிலும் அந்தச் செயலியின் உரிமையைப் பறித்த பிறகே 'அன்இன்ஸ்டால்' செய்ய வேண்டும். அட்மின் உரிமை இருக்கும்வரை அது அசையாது. பாஸ்வேர்டுகளை வேறொரு போனிலிருந்து மாற்றுவதே சரி; தொற்றிய போனிலேயே மாற்றினால் புதியதையும் கொடுத்தது போலாகும்.

எதற்கும் மசியாவிட்டால் ஃபேக்டரி ரீசெட். அதையும் தாண்டிப் பிழைத்த 'எக்ஸ்ஹெல்பர்' போன்ற அரிதான கிருமிகளுக்குப் போனின் மென்பொருளையே புதிதாக ஏற்ற வேண்டியிருக்கும்.

பணம் போயிருந்தால் இதையெல்லாம் முடிக்கும்வரை காத்திருக்கக் கூடாது. வீட்டில் இருக்கும் இன்னொரு போனை எடுத்து உடனே வங்கிக்கும் 1930 என்ற சைபர் குற்ற உதவி எண்ணுக்கும் சொல்ல வேண்டும். பணம் அடுத்தடுத்த கணக்குகளுக்குத் தாவுவதற்குள் முடக்கிவைக்க அந்த அழைப்புதான் வழி. வாடிக்கையாளரின் கவனக்குறைவால் நேர்ந்ததே ஆனாலும், தகவல் சொன்ன பிறகு ஏற்படும் இழப்பு வங்கியைச் சேர்ந்தது என்கிறது ரிசர்வ் வங்கியின் 2017-ஆம் ஆண்டுச் சுற்றறிக்கை. எனவே புகார் எண்ணையும், புகார் சொன்ன நேரத்தையும் ஒரு தாளில் குறித்துக்கொள்வது அவசியம்.