டுரியான் சுளைக்குள் ஒரு வௌவால் கதை... தெரியுமா?

பினாங்கு சூலியா தெருவில் வயிறார நாசி கண்டார் சாப்பிட்டாயிற்று. அடுத்து, பாலிக் புலாவிலிருந்து வந்த டுரியானைப் பிளக்கிறீர்கள். கமகமவென்று அந்தச் சுளை உங்கள் கைக்கு வந்ததில், எங்கோ ஓர் இருட்டுக் குகையில் தலைகீழாகத் தொங்கும் ஜீவனுக்கும் பங்கு உண்டு, தெரியுமா?

ராத்திரிப் பூவுக்கு ராத்திரி விருந்தாளி!
டுரியான் பூ சாயங்காலம் மலரும். விடிவதற்குள் இதழ் உதிர்ந்துவிடும். தேனீ தூங்கும் நேரத்தில் மகரந்தத்தைச் சுமப்பது யார்? தேன் குடிக்கும் குகை வௌவால்தான்! எடை ஏறக்குறைய ஒரு கோழிமுட்டை அளவு. நீண்ட நாக்கைப் பூவுக்குள் விட்டு உறிஞ்சும்போது முகமெல்லாம் மகரந்தம் அப்பிக்கொள்ளும். அப்படியே அடுத்த மரத்துக்குப் பறக்கும். நம் சம்பல் பெத்தாய்க்கும் இதே உபகாரிதான்!

முருகன் மலையில் குடியிருக்கிறது, தெரியுமா?
பத்துமலையில் 272 படி ஏறுகிறோமே, அந்த வழியிலேயே இருக்கும் இருட்டுக் குகைதான் இதன் வீடு! 1892 முதல் அங்கே தைப்பூசம் நடக்கிறது. அதற்கும் வெகுகாலம் முன்பிருந்தே வௌவால் அங்கே வாசம். எச்சத்தில் இருந்த மகரந்தத்தை ஆராய்ந்தவர்கள் 1976-ல் சொன்னது என்ன தெரியுமா? கடலோர அலையாத்திப் பூவின் தேனுக்காக இவை 38 கி.மீ. வரை பறக்கின்றன!

சிறகாலேயே சத்தம் போடும்!
பூச்சி தின்னும் வௌவால்கள் தொண்டையிலிருந்து குரல் எழுப்பி, எதிரொலியைக் கேட்டு வழி காணும். தேன் வௌவாலுக்கு அந்த வித்தை கிடையாது. ஆனால் கும்மிருட்டில் சிறகடிக்கும்போதே 'டிக் டிக்' என்று ஒலி எழுப்பி, எதிரே சுவர் இருக்கிறதா என்று தெரிந்துகொள்கிறது. இது சோதனையில் நிரூபணமானதே 2014-ல்தான்!

லங்காவியில் வௌவால்களை நேரிலேயே பார்க்கலாம்!
பினாங்குக்கு வடக்கே லங்காவித் தீவில் கிலிம் அலையாத்திக் காடு. வழிகாட்டியோடு மரப்பாலத்தில் நடந்தால், 40 கோடி ஆண்டுக்கும் மேல் வயதான சுண்ணாம்புப் பாறையில் ஒரு குகை. பெயரே 'குவா கெலாவார்', வௌவால் குகை! உள்ளே குனிந்து போய் மெல்ல அண்ணாந்து பாருங்கள். கூரையில் கறுப்பு மொக்குகள் போலக் கொத்துக்கொத்தாய்த் தூக்கம். கால் வலிக்காதா, விழாதா? விழாது! உடல் எடை இழுக்க இழுக்க, கால்விரல் தசைநாண் தானாகப் பூட்டிக்கொள்ளும். பிடித்துத் தொங்க வௌவால் பாடுபடவே வேண்டாம்!

தேனிக்கும் தாய்லாந்துக்கும் என்ன சம்பந்தம்?
1948-ல், இன்றைய தேனி மாவட்ட மேகமலைப் பகுதியில் ஒரு வௌவால் பிடிபட்டது. அது புதிய இனம் என்று 1972-ல் கண்டுசொன்னவர் தாய்லாந்தின் கிட்டி தொங்லோங்யா. பறவையியல் மேதை சாலிம் அலியின் பெயரை அதற்குச் சூட்டினார். கிட்டியின் பெயரையே தாங்கி 1974-ல் அறிமுகமானது வேறொரு குகை வௌவால். எடை வெறும் 2 கிராம். உலகிலேயே மிகச்சிறிய வௌவால் அதுதான்!

ஒரே ஒரு குட்டி, தெரியுமா?
எலியைப் போல வௌவால்கள் பத்துப் பன்னிரண்டு ஈனுவதில்லை. ஒரு பேற்றுக்குப் பெரும்பாலும் ஒன்றே ஒன்று. அதைத் தாய் மார்போடு அணைத்தபடி தொங்கும். யாராவது கூச்சலிட்டு, விளக்கை முகத்தில் அடித்தால், பதறிப் பறக்கும் தாயிடமிருந்து குட்டி நழுவிக் கீழே விழலாம். ஒரு கூட்டம் குறைந்தால் மீண்டும் பெருகப் பல வருடம் ஆகும்.

ஆகவே, குகை வாசலில் பேச்சை நிறுத்துங்கள். டார்ச்சைத் தரைப்பக்கம் திருப்புங்கள். அடுத்த டுரியான் பருவத்துக்குப் பூக்களைக் காய்க்க வைக்கப் போகிறவர் அங்கே தூங்கிக்கொண்டிருக்கிறார்!