லினக்ஸ் லேப்டாப்பில் திடீர் கறுப்புத் திரை.. 'இனிட்ராம்எஃப்எஸ்' என்று வந்தால் டேட்டா போச்சா?

லேப்டாப்பை ஆன் செய்ததும் கறுப்புத் திரை. அதில் அடைப்புக்குறிக்குள் 'இனிட்ராம்எஃப்எஸ்' என்று ஒரே ஒரு வார்த்தை, பக்கத்தில் சிமிட்டும் கர்சர். உபுண்டு, டெபியன் பயன்படுத்தும் பலரைப் பதற வைத்த காட்சி இது. பெரும்பாலும் ஃபைல்கள் எங்கேயும் போயிருக்காது. கம்ப்யூட்டர் பாதி வழியில் நிற்குது, அவ்வளவுதான்.

அது என்ன பாதி வழி?

பவர் பட்டனை அழுத்தியதும் பூட்லோடர் என்ற சின்ன புரோகிராம், லினக்ஸின் மையமான கெர்னலை மெமரியில் ஏற்றும். அடுத்து கெர்னல் ஹார்ட் டிஸ்க்கைத் திறக்கணும். அதற்கு டிரைவர் வேண்டும். அந்த டிரைவர் எங்கே இருக்கு? அதே ஹார்ட் டிஸ்க்கில்! பீரோ சாவியை பீரோவுக்குள்ளேயே வைத்துப் பூட்டிய கதைதான்.

எல்லா டிரைவரையும் கெர்னலுக்குள்ளேயே திணித்தால் என்ன? திணிக்கலாம், கெர்னல் ஊதிப்போகும். அப்போதும் டிஸ்க் என்கிரிப்ட் ஆகியிருந்தால், பாஸ்வேர்டு கேட்க ஒரு புரோகிராம் வேண்டுமே?

அதற்குத்தான் இந்த மூட்டை. தேவையான டிரைவர்களையும் சில கருவிகளையும் ஒரே ஃபைலாகக் கட்டி, கெர்னலோடு சேர்த்தே பூட்லோடர் மெமரியில் வைத்துவிடும். கெர்னல் அதை ரேமிலேயே பிரித்து, உள்ளிருக்கும் 'இனிட்' புரோகிராமை ஓட்டும். அது நிஜ டிஸ்க்கைத் தேடித் திறந்து, ரேமில் இருந்த தன் ஃபைல்களை அழித்துவிட்டுப் பொறுப்பை ஒப்படைக்கும். டிஸ்க் கிடைக்கலைன்னா? அங்கேயே நின்றுவிடும். நீங்கள் பார்க்கும் கறுப்புத் திரை அதுதான்.

இதற்கு முன்பு இருந்தது 'இனிட்ஆர்டி'. ரேமில் நிலையான அளவில் ஒரு போலி டிஸ்க்கை உருவாக்கும் முறை. அந்தப் போலி டிஸ்க்கைப் படிக்கவே தனியாக ஒரு ஃபைல்சிஸ்டம் டிரைவர் கெர்னலில் இருக்கணும். 2003 டிசம்பரில் வெளியான 2.6 கெர்னலிலேயே புதிய முறை வந்துவிட்டது. 2020இல் பழையது 'கைவிடப்படும்' பட்டியலில் சேர்ந்தது. ஆனால் பெயர் மட்டும் போகலை. உபுண்டுவில் அந்த மூட்டை ஃபைலின் பெயர் இன்றும் 'இனிட்ஆர்டி' என்றுதான் தொடங்கும்.

என்டர் கீயை அழுத்தினால் போதுமா?

2016 நவம்பரில் ஒரு ஓட்டை வெளியானது. என்கிரிப்ட் செய்த சில லினக்ஸ் கம்ப்யூட்டர்களில் பாஸ்வேர்டு கேட்கும்போது, என்டர் கீயைச் சுமார் 70 விநாடி விடாமல் அழுத்தினால் போதும், முழு அதிகாரத்தோடு இந்தக் கறுப்புத் திரை திறந்துவிடும். டிஸ்க்கில் உள்ளதைப் படிக்க முடியாது. ஆனால் அழிக்கலாம், அப்படியே நகலெடுத்துக்கொண்டு போகலாம். பிறகு அது சரிசெய்யப்பட்டது.

உங்கள் லேப்டாப்பில் வந்தால்?

முதலில் 'எக்ஸிட்' என்று ஆங்கிலத்தில் டைப் செய்து என்டர் தட்டுங்க. எந்தப் பார்ட்டிஷனில் சிக்கல் என்று பெரும்பாலும் அதுவே சொல்லும். அந்தப் பெயரைப் போட்டு 'எஃப்எஸ்சிகே' கட்டளையை ஓட்டினால் பல நேரங்களில் சரியாகிவிடும். ஆனால் டிஸ்க்கில் வித்தியாசமான சத்தம் கேட்டால் அதைத் தொடவே கூடாது. லைவ் யுஎஸ்பி மூலம் டேட்டாவை நகலெடுப்பதுதான் முதல் வேலை.

அப்டேட்டின் பாதியில் கரண்ட் போய், கெர்னல் பேனிக் என்று வந்தால் கதை வேறு. மூட்டையே அரைகுறையாகக் கட்டப்பட்டிருக்கலாம். பூட் மெனுவில் பழைய கெர்னலைத் தேர்ந்தெடுத்து உள்ளே போய், மூட்டையைப் புதிதாகக் கட்டச் சொன்னால் போதும். பூட் பார்ட்டிஷனில் இடம் இருக்கா என்று அதற்கு முன்பே ஒரு தடவை பார்த்துக்கோங்க.