காலையில் மடங்காத விரல்கள்

மார்பகப் புற்றுநோய்க்கு அறுவை, கீமோ, கதிர்வீச்சு எல்லாம் ஆயிற்று. ‘இப்போது நோய் எதுவும் தென்படவில்லை’ என்று டாக்டரும் சொல்லிவிட்டார். மூன்று மாதம் கழித்து ஒரு காலையில், டீ டம்ளரைப் பிடிக்க விரல் மடங்க மாட்டேன் என்கிறது. தரையில் உட்கார்ந்தால் கையூன்றித்தான் எழ முடிகிறது. திரும்ப வந்துவிட்டதோ என்று அடிவயிறு கலங்குகிறது.

இந்தக் கலக்கத்துக்கு அடியில் ஒரு தவறான எண்ணம் இருக்கிறது. சிகிச்சை முடிந்துவிட்டது, அப்படியானால் இனி வருகிற வலி நோயின் வலிதான் என்று நினைக்கிறோம். பலருக்குச் சிகிச்சை முடியவில்லை. அது தினமும் விழுங்கும் ஒரு சின்ன மாத்திரைக்குள் நடந்துகொண்டிருக்கிறது.

அந்த மாத்திரையைக் கொஞ்சம் பார்ப்போம். லெட்ரோசோல் அல்லது அனஸ்ட்ரோசோல் என்று பெயர் இருக்கும். ஈஸ்ட்ரோஜன் என்ற ஹார்மோனைத் தின்று வளரும் வகைக் கட்டி என்றால், மாதவிடாய் நின்ற பெண்களுக்கு இதைப் பொதுவாக 5 ஆண்டு தருவார்கள். சிலருக்கு அதற்கு மேலும். சூலகம் ஓய்ந்த பிறகு ஈஸ்ட்ரோஜன் ஏது? கொழுப்புத் திசுவில் அரோமட்டேஸ் என்றொரு நொதி உண்டு. பாலைத் தயிராக்கும் உறைமோர் மாதிரி, அது வேறு ஹார்மோன்களை ஈஸ்ட்ரோஜனாக மாற்றிக்கொண்டே இருக்கும். மாத்திரை அந்த உறையை வேலை செய்யவிடாமல் தடுக்கிறது.

எங்காவது மிஞ்சியிருக்கக்கூடிய புற்றுச் செல்கள் பட்டினி கிடக்கின்றன; நமக்கு வேண்டியதும் அதுதான். ஆனால் மூட்டுகளையும் அதே ஈஸ்ட்ரோஜன்தான் பேணிவந்தது. அது வற்றியதும் கீலில் எண்ணெய் வற்றிய கதவுபோல மூட்டு முனகுகிறது. இந்த மாத்திரை சாப்பிடுகிறவர்களில் ஏறக்குறையப் பாதிப் பேருக்கு இப்படி வலிக்கிறது. பெரும்பாலும் இரண்டு கை, இரண்டு முழங்கால் என்று ஜோடியாக வரும். எழுந்ததும் கடுக்கும், நடமாடினால் இளகும்.

எலும்புக்குப் பரவிய நோயின் வலி வேறு மாதிரி. பெரும்பாலும் ஓரிடத்தில் நிலைத்து, நாளுக்கு நாள் கூடும். படுத்தாலும் விடாது, தூக்கத்தைக் கலைக்கும். அப்படி இரண்டு வாரம் நீடித்தால் டாக்டரிடம் போய்விட வேண்டும். முதுகுவலியோடு கால் பலமிழந்தாலோ, சிறுநீர் மலம் கட்டுப்படாமல் போனாலோ அன்றே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும்.

வலி தாங்காமல் மாத்திரையைச் சொல்லாமல் நிறுத்திவிடுகிறவர்கள் உண்டு. எனக்கு அதுதான் பெரிய கவலை. கேட்டால் மருந்தை மாற்றித் தர வழியிருக்கிறது. தினசரி நடையும் உடற்பயிற்சியும் இந்த வலியைக் குறைக்கின்றன.

டாக்டரிடம் ‘வலிக்குது’ என்று மட்டும் சொல்ல வேண்டாம். கடுப்பு, குடைச்சல், குத்தல், மரமரப்பு என்று நம்மிடம்தான் எத்தனை சொற்கள்! கடுப்பு என்றால் அவர் மூட்டை நினைப்பார். விரல்நுனியில் மரமரப்பு என்றால், கீமோவில் பாக்லிடாக்சல் ஏற்றினார்களா என்று கேட்பார், அது நரம்பைத் தொடும் மருந்து. எந்த இடம், எந்த நேரம், எத்தனை நாளாக என்பதைக் கிழித்த காலண்டர் தாளின் பின்பக்கம் எழுதிக்கொண்டு போனால் போதும்.