ஆபரேஷன் இலவசம், பஸ் காசு யார் கொடுப்பது?

தேனி மாவட்டம் சின்னமனூர் பக்கத்தில் இருக்கிறது, மார்க்கையன்கோட்டை. நெல் விளையும் ஊர். நாற்று நடுவதும் களை எடுப்பதும் பெண்கள் வேலை.

அப்படிப்பட்ட ஒரு பெண்ணின் கண்ணில் புரை விழுந்தால் என்ன ஆகும்? முதலில் வயல் வேலை போகும். பிறகு அரிசியில் கல் பொறுக்க முடியாது. கடைசியில் கொல்லைப்புறம் போவதற்குக் கூட மருமகள் கையைப் பிடிக்க வேண்டும். மருமகளும் வேலைக்குப் போக முடியாது. ஒருத்தி கண் போனால், வீட்டில் இரண்டு பேர் கூலி போகிறது!

11 படுக்கை

டாக்டர் ஜி. வெங்கடசாமி அரசாங்க வேலையில் இருந்து ஓய்வு பெற்றவர். முடக்குவாதத்தால் விரல்கள் கோணிப் போனவர். அந்தக் கையாலேயே ஆயிரக்கணக்கானவர்களுக்கு ஆபரேஷன் செய்தார். 1976-ல் மதுரையில் 11 படுக்கைகளுடன் அரவிந்த் கண் ஆஸ்பத்திரியைத் தொடங்கினார். வசதி உள்ளவர் பணம் கொடுத்தார், ஏழைக்கு இலவசம். 1985-ல் தேனியிலும் ஆஸ்பத்திரி வந்தது.

வெளிநாட்டாரும் கை கொடுத்தார்கள். பார்வை இழந்தோருக்காக இங்கிலாந்தில் ஏற்பட்ட சங்கம், கிராம முகாம்களுக்கு உதவியது. அமெரிக்காவின் சேவா நிறுவனமும் சேர்ந்துகொண்டது.

பலன் என்ன? 1983-ல் ஓர் ஆய்வு வெளியானது. பார்வை போனதால் வேலை இழந்த ஆண்களில், ஆபரேஷனுக்குப் பிறகு 100-க்கு 85 பேர் மீண்டும் வேலைக்குப் போனார்கள். பெண்களில் 58 பேர்.

சோடாப் புட்டிக் கண்ணாடி

அந்தக் காலத்தில் புரையை எடுத்துவிட்டு, சோடாப் புட்டி போன்ற கண்ணாடியை மாட்டிவிடுவார்கள். அது உடைந்தால் மறுபடியும் இருட்டுதான்! கண்ணுக்குள்ளேயே வைக்கும் லென்ஸ் உண்டு. ஆனால் வெளிநாட்டுச் சரக்கு. ஒன்று சுமார் 100 டாலர். ஏழைக்கு எப்படிக் கட்டும்? சேவா உதவியுடன் 1992-ல் மதுரையில் "அரோலேப்" தொழிற்சாலை தொடங்கியது. லென்ஸ் விலை சுமார் 10 டாலருக்கு இறங்கியது. பிறகு இன்னும் குறைந்தது. இன்று வெளிநாடுகளுக்கும் போகிறது, மதுரை லென்ஸ்!

100-க்கு 7 பேர்

இவ்வளவு இருந்தும் ஜனங்கள் வந்தார்களா? 1999-ல் வெளியான ஆய்வு திடுக்கிட வைத்தது. முகாம் நடந்த கிராமங்களில், கண் கோளாறு உள்ளவர்களில் 100-க்கு 7 பேர்தான் வந்தார்கள்.

ஏன்? பயம், செலவு, வீட்டுப் பொறுப்பு. இதில் அதிசயம் இல்லை. டாக்டர் காசு வாங்காவிட்டால் போதுமா? பஸ்சுக்குக் காசு வேண்டும். கூட ஓர் ஆள் வர வேண்டும். அவர் அன்றையக் கூலியை விட வேண்டும். "இந்த வயதில் கிழவிக்குக் கண் எதற்கு?" என்று கேட்கும் வீடும் உண்டு. கிழவியும் அதையே சொல்லுவாள். மகனுக்குச் செலவு வைக்கக் கூடாதே!

இந்தத் தடைகளைக் குறைக்கத்தான், முகாமில் இருந்து பஸ்சில் ஏற்றிச் செல்வது, சாப்பாடு போடுவது, திரும்பக் கொண்டுவந்து விடுவது எல்லாமே இலவசம் என்று ஆக்கினார்கள். 2004-க்குப் பிறகு சின்னமனூர், போடி போன்ற ஊர்களில் சிறு கண் மையங்கள் வந்தன. அங்கே டாக்டர் இல்லை. பயிற்சி பெற்ற பெண் கண்ணைச் சோதிக்கிறாள். தேனியில் உள்ள டாக்டர் திரையில் தோன்றி நோயாளியிடம் பேசுகிறார். கண்ணாடி போதும் என்றால் அங்கேயே வேலை முடிந்தது. ஆபரேஷன் தேவைப்படுகிறவர் மட்டும் தேனிக்குப் போனால் போதும்.

இன்னொரு விஷயம். "புரை முற்றட்டும்" என்று வீட்டிலேயே காத்திருப்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள். அது சோடாப் புட்டிக் காலத்துப் பேச்சு. லென்ஸ் வைக்கும் ஆபரேஷனுக்கு முற்றும் வரை காத்திருக்கத் தேவை இல்லை. அதிகம் முற்றினால் ஆபரேஷன்தான் கஷ்டம்.