தலையில் மூணு தொப்பி!

முகம் பூரா தாடி. தோளில் ஒரு மூட்டை. தலையிலோ ஒன்றின் மேல் ஒன்றாக மூன்று தொப்பிகள்!

பதினெட்டாம் நூற்றாண்டு லண்டனில் இப்படி ஒரு படம் அச்சாகி வந்தால் கீழே விளக்கமே தேவையில்லை. பார்த்தவுடன் சிரித்துவிடுவார்கள். 'யூதப் பழந்துணிக்காரன்' என்று எல்லோருக்கும் தெரியும். 1799-ல் தாமஸ் ரோலண்ட்சன் வரைந்த லண்டன் தெரு வியாபாரிகள் பட வரிசையிலும் இந்த ஆசாமிக்கு ஓர் இடம் உண்டு.

அது சரி, எதற்கு மூன்று தொப்பி? கிறுக்கா?

இல்லை சார், பிழைப்பு! வீடு வீடாகப் போய்ப் பழைய கோட்டு, தொப்பி வாங்கி விற்கிற தொழில். துணியை மூட்டைக்குள் திணிக்கலாம். தொப்பியைத் திணித்தால் நசுங்கிவிடுமே! வாங்கிய கையோடு தலையில் ஏற்றிவிட்டால் கையும் ஃப்ரீ, சரக்கும் பத்திரம்.

வேறு தொழில் கிடைக்கவில்லையா என்கிறீர்களா? 1290-ல் யூதர்களை ஒட்டுமொத்தமாக விரட்டிய நாடு இங்கிலாந்து. 1656-ல்தான் மறுபடி கதவு திறந்தது. பிறகு ஜெர்மனி, போலந்து பக்கமிருந்து ஏழைகள் வந்து இறங்கினார்கள். லண்டனின் மையமான 'சிட்டி' எல்லைக்குள் யூதர்கள் சில்லறைக் கடை வைக்க 1830 வரை தடை! கையில் முதலும் இல்லை. மூட்டையைத் தூக்காமல் என்ன செய்ய? ரெடிமேட் துணி பரவாத காலம் என்பதால் பழைய கோட்டுக்கு நல்ல கிராக்கி.

கேலிச் சித்திரக்காரர்களுக்கு இந்தக் கதையெல்லாம் தேவைப்படவில்லை. மூக்கை நீட்டினார்கள். கண்ணில் பேராசையைத் தீட்டினார்கள். திருட்டுச் சாமான் வாங்குகிறவன் என்று ஜாடை காட்டினார்கள். அவர் கூவுகிற 'ஓல்ட் க்ளோத்ஸ்' வாயில் தேய்ந்து 'ஓ க்ளோ' ஆனதையும் விட்டு வைக்கவில்லை.

கவிஞர் கோல்ரிட்ஜுக்கே அந்தக் கூவல் எரிச்சலூட்டியதாம். ஒருநாள் ஒரு வியாபாரியை நிறுத்தி, ஒழுங்காகச் சொல்லக்கூடாதா என்று கேட்டுவிட்டார். அந்த ஆள் அசரவில்லை. சுத்தமான உச்சரிப்பில் சொல்லிக் காட்டினார். நிமிஷத்துக்குப் பத்து தடவை வீதம் ஒரு மணி நேரம் கத்திப் பாருங்கள், நீங்களும் இப்படித்தான் கத்துவீர்கள் என்று ஒரு போடு போட்டார்! கவிஞருக்கு வெட்கமாகிவிட்டது. பின்னாலேயே ஓடிப் போய், தன்னிடமிருந்த ஒரே ஒரு ஷில்லிங்கைக் கொடுத்தாராம். சொன்னவர் வேறு யாருமல்ல, கோல்ரிட்ஜேதான்.

படங்களில் இருந்த ஆளுக்கோ பதில் சொல்ல வாயே இல்லை. அதனால்தான் அந்தக் கேலி லேசில் சாகவில்லை. யூதக் குடும்பத்தில் பிறந்து, 12 வயதில் கிறிஸ்தவராகி, 1868-ல் பிரதமர் நாற்காலியில் உட்கார்ந்தவர் டிஸ்ரேலி. அவரையும் விடாமல் பழந்துணிக்காரனாக வரைந்தார்கள். நாட்டையே ஆண்டாலும் மூட்டை இறங்கவில்லை!

1851 வாக்கில் ஹென்றி மேஹியூ என்ற பத்திரிகையாளர் லண்டன் தெரு உழைப்பாளிகளைப் பற்றிப் புத்தகம் போட்டார். அதிலும் ஒரு யூதப் பழந்துணிக்காரர் படம் உண்டு. முதலில் போட்டோ எடுத்து, அதைப் பார்த்துச் செதுக்கியது. நீட்டிய மூக்கு இல்லை, கோமாளித்தனம் இல்லை. சுமையோடு நிற்கிற ஒரு சாதாரண மனிதர்.

ஆனால் படத்துக்குக் கீழே அவர் பெயர் மட்டும் இல்லை. தொழிலும் இனமும்தான் இருக்கின்றன.